அப்பா "ஹார்ட்லி" வேலை செஞ்சாரா? இங்கிலீஷ் கடிதத்துல வெரி, டூ, குவைட் எல்லாம் எங்க போடணும்னு சொல்லிக்குடுங்க

பால்மரத்துமக, சுங்கை சிப்புட்:

வணக்கம் எல்லாருக்கும். நான் மலேசியா, பேரா மாநிலத்துல சுங்கை சிப்புட், டவுன்ல இருந்து கார்ல இருபது நிமிஷம் உள்ள வரணும், ரப்பர் தோட்டத்துப் பக்கம். என் தம்பி பாரம் அஞ்சு முடிவுல எழுதற எஸ்.பி.எம். பரீட்சை முடிச்சிட்டான், உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பம் போடுறோம், பாரத்தோட சேத்து குடும்பத்தப் பத்தி இங்கிலீஷ்ல ஒரு கடிதம் வைக்கணும்னு கேட்டிருக்காங்க. தம்பியும் நானும் ரெண்டு ராத்திரி உக்காந்து எழுதினோம். அத பக்கத்து லயத்து அக்காகிட்ட காட்டினேன், அவங்க கொஞ்சம் படிச்சவங்க. ரெண்டாவது பாராவுல ஒரு வரிமேல விரல வச்சவங்க எடுக்கவே இல்ல.

அந்த வரி இதுதான்: "மை ஃபாதர் ஹேஸ் ஹார்ட்லி வொர்க்ட் இன் திஸ் எஸ்டேட் ஃபார் 31 இயர்ஸ்."

எங்கப்பா 31 வருஷமா கஷ்டப்பட்டு வேலை செய்யறாருன்னு நான் எழுதினேன். ஆனா அக்கா சொல்றாங்க, இங்கிலீஷ்ல இதுக்கு அர்த்தம் 31 வருஷமா அவரு வேலையே செஞ்சதில்லங்கற மாதிரியாம். எனக்கு அப்படியே நெஞ்சு அடைச்சிருச்சு. எங்கப்பா நாலு மணிக்கு எந்திரிச்சு வரக்காப்பி குடிச்சிட்டு தலையில லைட்டக் கட்டிக்கிட்டு ரப்பர் மர நிரைக்குப் போறவரு, மழை விட்டு மரம் காஞ்சா பத்து மணிக்குக்கூட வெட்டப் போவாரு, வலது கை மணிக்கட்ட முழுசா மடக்க முடியாது இப்ப. ஸ்லோன்னா ஸ்லோலி, குவிக்னா குவிக்லி, அப்ப ஹார்டுன்னா ஹார்ட்லிதானேன்னு நெனச்சேன்.

அது மட்டும் இல்ல, இன்னும் நாலஞ்சு இடத்துல பென்சிலால வட்டம் போட்டிருக்காங்க. "ஹி இஸ் டூ இன்ட்ரஸ்ட்டட் இன் இன்ஜினியரிங்", "வெரி எக்சலன்ட் ரிசல்ட்", "ஐ வெரி ஹோப்", "அவர் லைஃப் இஸ் மோர் பெட்டர் நவ்". ஏன் தப்புன்னு அவங்களுக்கு விளக்கத் தெரியல, கேட்டா ஒரு மாதிரியா இருக்குன்னு மட்டும் சொல்றாங்க. இங்க வாத்தியாருங்க இருப்பீங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும், ப்ளீஸ்.

பழைய வாத்தியார்:

வணக்கம்மா. நான் ஓய்வு பெற்ற இங்கிலீஷ் ஆசிரியர். மொதல்ல மனச தேத்திக்குங்க, இந்த ஹார்ட்லி தப்ப என்கிட்ட படிச்ச பிள்ளைங்க வருஷா வருஷம் செஞ்சிருக்காங்க, நீங்க யோசிச்ச விதத்துலயும் தப்பு இல்ல, அந்த விதிதான் இந்த எடத்துல உங்கள ஏமாத்திருச்சு.

ஹார்டுங்கற சொல் பெயருக்கு முன்னாலயும் வரும், வினைக்குப் பின்னாலயும் அப்படியே மாறாம வரும். ஹார்ட் வொர்க்னாலும் அதே சொல்தான், ஹி வொர்க்ஸ் ஹார்ட்னாலும் அதே சொல்தான். ஹார்ட்லி வேற ஆளு, அதுக்கு அர்த்தம் அரிதா, அனேகமா இல்லவே இல்லைங்கறது. இதே மாதிரி லேட், லேட்லி ரெண்டும் வேற வேற. லேட்னா தாமதமா, லேட்லின்னா சமீப காலமா. நியர்னா கிட்ட, நியர்லின்னா கிட்டத்தட்ட. ஹை, ஹைலி இன்னும் ஒண்ணு. பறவை பறக்கறது ஹை, சம்பளம் நெறையக் குடுத்தா ஹைலி பெய்ட். அதனால உங்க வரிய இப்படி மாத்துங்க: "மை ஃபாதர் ஹேஸ் வொர்க்ட் ஹார்ட் இன் திஸ் எஸ்டேட் ஃபார் 31 இயர்ஸ்." ஒரு லி போச்சு, ஒரு சொல் இடம் மாறுச்சு, அவ்வளவுதான்.

அடுத்தது டூ. இது நம்ம மொழியில இருந்து வர்ற சிக்கல். நாம ரொம்பங்கற ஒரே சொல்ல எல்லாத்துக்கும் வச்சிருக்கோம். தேத்தண்ணி ரொம்ப சூடா இருக்கு, குடிக்க முடியலன்னாலும் ரொம்ப. சூடா நல்லா இருக்கு, இன்னொரு கிளாஸ் குடுன்னாலும் ரொம்ப. இங்கிலீஷ்காரன் இத ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்கான். டூன்னா அளவு மீறிப் போச்சு, அதனால ஏதோ ஒண்ணு நடக்காது. "டூ ஹாட் டு ட்ரிங்க்". உங்க தம்பி டூ இன்ட்ரஸ்ட்டட்னு எழுதினா படிக்கறவரு, ஏன், அந்த ஆர்வத்தால என்ன கெட்டுப் போச்சுன்னு தேடுவாரு. அங்க வெரி போதும். மலாயும் நமக்கு இதுல உதவி பண்ணல, தெர்லாலுங்கறத பேச்சுல ரெண்டு அர்த்தத்துக்கும் போட்டு ஓட்டிடறோம்.

ஒண்ணு சொல்லி வச்சிடறேன், டூ நல்ல அர்த்தத்துல வர்ற எடமும் உண்டு, "ஒன்லி டூ ஹேப்பி டு ஹெல்ப்"னு சொன்னா மனசார சந்தோஷமா உதவறேன்னு அர்த்தம். அது கட்டிப்போட்ட தொடர், தனியா எடுத்து மத்த எடத்துல ஒட்டாதீங்க.

பால்மரத்துமக:

சார் ரொம்ப நன்றி. இத அம்மாகிட்ட சொன்னேன், அவங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னா, ரப்பர் பால் பிடிக்கற மங்கு நெறைஞ்சா வெரி, வழிஞ்சா டூ. மழையில மங்கு வழிஞ்சு பால் கீழ ஓடிருச்சுன்னா அன்னைக்கு கூலி போச்சு, அதனால எங்க வீட்ல இது யாருக்கும் மறக்காது.

லோரிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம், குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும். நான் பதினேழு வருஷமா லோரி ஓட்டறேன், சிங்கப்பூர் எல்லை வரைக்கும் போவேன், என் இங்கிலீஷ் எல்லா எடத்துலயும் ஓடுது. வெரி வெரி குட் பாஸ்னு சொன்னா பாஸுக்குப் புரியுது. இந்தத் தங்கச்சி எழுதினதும் எனக்குப் புரிஞ்சிச்சு. கஷ்டப்பட்ட ஜனம் மனசுல இருக்கறத எழுதுது, அதுல போய் பென்சில வட்டம் போட்டா அடுத்த தடவ எழுதவே பயப்படும். நம்ம ஊரு இங்கிலீஷ் நம்ம இங்கிலீஷ், அதுக்கு ஏன் வெள்ளக்காரன் கணக்கு?

ஈப்போ ஆபீஸ் அக்கா:

அண்ணே நீங்க சொல்றதுல பாதி சரி. பேசும்போது யாரும் கேக்க மாட்டாங்க, நானும் ஆபீஸ்ல சோ நைஸ் லான்னுதான் பேசறேன். ஆனா கடிதம் வேற. நான் விண்ணப்பக் கடிதங்கள பிரிச்சு அடுக்கற வேலையில இருந்திருக்கேன். ஒரு காலியிடத்துக்கு மேசைமேல குமிஞ்சு கெடக்கும், படிக்கறவங்க எழுதினவங்களோட முகத்தப் பாக்க முடியாது, கை அசைவு தெரியாது, அந்த ஒரு தாளுதான். அந்தத் தாள்ல அப்பா ஹார்ட்லி வொர்க்ட்னு இருந்தா, அது அந்த அப்பாவுக்குச் செய்யற அநியாயம்ணே. வட்டம் போட்ட அக்கா நல்லதுதான் செஞ்சாங்க.

அப்புறம் நான் ஒண்ணு பாத்திருக்கேன். வெரி ஹார்ட்வொர்க்கிங், வெரி ரெஸ்பான்சிபல், வெரி பங்க்சுவல்னு நாப்பது கடிதம் அடுக்கி வச்சா நாப்பதும் ஒரே கடிதம் மாதிரி இருக்கும். அதுல ஒருத்தர் மூணு வருஷம் காலைல அஞ்சு மணி ஷிஃப்டுக்கு ஒரு நாள்கூட லேட்டா வந்ததில்லைன்னு எழுதியிருந்தாரு, அதுல வெரியே இல்ல, ஆனா அந்தக் கடிதம்தான் ஞாபகம் இருக்கு.

குவைட் பத்தியும் எச்சரிக்கறேன், எனக்கே நடந்தது. எனக்குக் கீழ வேலை செஞ்ச ஒரு நல்ல பொண்ணுக்கு சான்றுக் கடிதம் குடுக்கச் சொன்னாங்க, "ஷி இஸ் குவைட் குட் அட் ஹர் வொர்க்"னு எழுதினேன், நல்லா செய்வாங்கன்னு மனசுல வச்சுக்கிட்டு. மேல இருந்தவரு பிரிட்டிஷ் முறையில படிச்சவரு, அவருக்கு குவைட் குட்னா பரவால்ல, சுமார்னு அர்த்தம். அந்தப் பொண்ணுக்கு அந்த வருஷம் பதவி உயர்வு கெடைக்கல. அது என் ஒரு சொல்லாலதானான்னு எனக்குத் தெரியாது, ஆனா இன்னைக்கும் அத நெனச்சா உறுத்துது.

பாரம்5 தம்பி:

ஐயோ அக்கா, நான் எல்லா கட்டுரையிலயும் குவைட் போடுவேன். அப்ப குவைட்னா என்னதான் அர்த்தம்? எங்க கிளாஸ்ல பாதி பேரு அத குவாயட்னு வேற ஸ்பெல்லிங் மாத்தி எழுதிடறாங்க, அது அமைதின்னு ஆயிடும்.

பழைய வாத்தியார்:

தம்பி, குவைட் பச்சோந்தி மாதிரி. குட், டயர்ட், பிஸி மாதிரி கூடக் கொறைய இருக்கக்கூடிய சொல் முன்னால வந்தா, பிரிட்டிஷ் எழுத்துல அது ஓரளவுங்கற அர்த்தம். அமெரிக்கர்கள் அதையே நல்லாவேன்னு எடுத்துக்குவாங்க. ஆனா இம்பாசிபல், சர்ட்டன், டிஃபரன்ட் மாதிரி சொல் முன்னால வந்தா முழுசாங்கற அர்த்தம் ஆயிடும், குவைட் இம்பாசிபல்னா அறவே முடியாது. நம்ம எஸ்.பி.எம். மாணவனுக்கு நான் சொல்றது, ஒருத்தர பாராட்டுற எடத்துல குவைட் வேணாம்.

இப்ப வெரி எக்சலன்ட்டுக்கு வர்றேன். சொற்கள் ரெண்டு வகை. ஏணி மாதிரி படி உள்ளது ஒரு வகை, கோல்ட், பிக், டயர்ட், ஆங்ரி. இதுக்கு ஸ்லைட்லி, ஃபேர்லி, வெரி, எக்ஸ்ட்ரீம்லின்னு படிப்படியா ஏத்தலாம். ரெண்டாவது வகை ஏற்கெனவே ஏணியோட உச்சியில நிக்கிற சொல். ஃப்ரீசிங், இனார்மஸ், எக்சாஸ்டட், ஃபியூரியஸ், எக்சலன்ட். இதுக்கு மேல படி இல்ல, அதனால வெரி ஏறாது. அப்சலூட்லி, கம்ப்ளீட்லி, அட்டர்லி மாதிரி முழுசாங்கற சொல்தான் ஒட்டும். ரியலி ரெண்டு பக்கமும் போகும்.

தமிழ் டீச்சர், கோலகங்சார்:

சார் குறுக்கிடறேன், இத நம்ம மொழியில வச்சுச் சொன்னா பிள்ளைங்களுக்கு உடனே ஏறும்னு தோணுது. நான் தமிழ்ப்பள்ளியில இருக்கேன்.

இருட்டுக்கு ரொம்ப இருட்டுன்னு சொல்லலாம். ஆனா கும்மிருட்டுன்னு ஒரு சொல் இருக்கில்லியா, ரொம்ப கும்மிருட்டுன்னு யாராவது சொல்றோமா? சொல்ல மாட்டோம், ஏன்னா அந்தக் கும்லயே ரொம்ப உக்காந்திருக்கு. ஆனா ஒரே கும்மிருட்டா இருந்துச்சுன்னு சொல்றோம். இந்த ஒரேதான் இங்கிலீஷ் அப்சலூட்லி. அதே மாதிரி செக்கச்செவேல், பச்சப்பசேல், கன்னங்கரேல், வெள்ளவெளேர். ரொம்ப செக்கச்செவேல்னு சொன்னா ஆறு வயசுப் பிள்ளையே சிரிக்கும். வெரி எக்சலன்ட்னு இங்கிலீஷ் தெரிஞ்சவங்க காதுல விழறப்ப அவங்களுக்கும் அப்படித்தான் கேக்குது.

அதோட எந்த சொல்லுக்கு எது ஜோடிங்கறது தமிழ்லயும் கட்டுப்பாடாத்தானே இருக்கு. பச்சப் பொய், பச்சத் துரோகம்னு சொல்றோம், பச்ச உண்மைன்னு சொல்ல மாட்டோம். நன்னூல்ல சால, உறு, தவ, நனி, கூர், கழின்னு ஆறு சொல் மிகுதிக்குன்னே குடுத்திருக்கு, சாலச் சிறந்ததுன்னு இன்னைக்கும் எழுதறோம், உறுதுணைன்னு எழுதறோம், அதுக்காக சாலத் துணைன்னு மாத்திப் போட்டா நிக்குமா? நாம பேசற ரொம்பகூட நிரம்பங்கறதுல இருந்து வந்ததுதான், மேல தங்கச்சியோட அம்மா மங்கு நெறையறதுன்னு சொன்னாங்களே, அவங்க அந்தச் சொல்லோட வேர பிடிச்சுட்டாங்க, படிச்சப்போ எனக்கு ஒடம்பு சிலிர்த்திருச்சு.

பழைய வாத்தியார்:

டீச்சர், இந்தக் கும்மிருட்டு எனக்கு முப்பது வருஷம் முன்னாடி கெடைச்சிருந்தா எத்தன வகுப்பு சுலபமா முடிஞ்சிருக்கும். வெரியோட வேரும் கேளுங்க, அது பழைய பிரெஞ்சுல உண்மைங்கற அர்த்தத்துல இருந்து வந்தது. ரியலி, ட்ரூலி எல்லாமே உண்மையாவேங்கறதுதான், நாம நெசமாவே நல்லா இருக்குன்னு சொல்றோமே அதே வழி. டெரிப்லி, ஆஃபுலி ரெண்டும் பயத்துல இருந்து வந்தது, நாம பயங்கர டேஸ்ட்டுன்னு சொல்றோம் பாருங்க. எல்லா மொழியிலயும் மனுஷன் அழுத்திச் சொல்ல இதே மாதிரி வழியத்தான் தேடியிருக்கான், ரொம்ப நாள் ஓடினதும் அந்தச் சொல்லு தேஞ்சு போயிடுது, அப்புறம் புதுசு தேடறான்.

ஜோடி விஷயம் டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு. டீப்லி கிரேட்ஃபுல், ஹைலி குவாலிஃபைட், பிட்டர்லி டிஸ்அப்பாயின்ட்டட், ஸ்ட்ராங்லி ரெக்கமண்ட். ஹைலி கிரேட்ஃபுல்னு எழுதினா அர்த்தம் புரியும், ஆனா ஜோடி மாறின செருப்பு மாதிரி இருக்கும். இதுக்கு விதி கெடையாது, வாசிச்சு வாசிச்சுத்தான் காதுல பழகணும்.

மீதி ரெண்டு வட்டத்தையும் முடிச்சிடறேன். மோர் பெட்டர்: பெட்டர்லயே மோர் இருக்கு. அழுத்தணும்னா மச் பெட்டர், ஃபார் பெட்டர். வெரி பெட்டரும் வராது. ஆனா தி வெரி பெஸ்ட் வரும், அது சரியான இங்கிலீஷ், அதப் பாத்து வெரி பெட்டரும் வரும்னு ஏமாறாதீங்க. ஐ வெரி ஹோப்: வெரி நேரா வினைச்சொல்ல தொடாது. ஐ வெரி லைக்னு நம்ம பிள்ளைங்க எழுதறதுக்கு காரணம் மலாய்ல சாயா சங்காட் சுக்கான்னு வரிசையா வரும், தமிழ்லயும் ரொம்பப் பிடிக்கும்னு வரிசையா வரும். இங்கிலீஷ்ல மச் கூட வந்தாதான் வினைகிட்ட போகும், அதுவும் பொதுவா கடைசியில, ஐ லைக் இட் வெரி மச். ஹோப் மாதிரி சில வினைக்கு ஐ வெரி மச் ஹோப்னு நடுவுலயும் வரலாம். சும்மா ஐ ஹோப்னு எழுதினாலே கடிதத்துக்குப் போதும்.

பாரம்5 தம்பி:

சார் ஒரே ஒரு கேள்வி. எஸ்.பி.எம். இங்கிலீஷ் 1119 தாள்ல ரைட்டிங்ல மொத பகுதி சுமார் 80 சொல்லுல எழுதணும். சொல் பத்தலன்னா வெரி வெரி வெரின்னு போட்டு ரொப்பிடுவோம். அது தப்பா?

பழைய வாத்தியார்:

தம்பி 80 சொல்லுல மூணு வெரிக்குச் செலவு பண்ணா 77 சொல்லுதான் நீ எழுதின. அந்த மூணு எடத்துல ஒரு காரணத்த எழுதலாம், பிகாஸ் இட் ரெய்ன்ட். சொல் பத்தலன்னா ஏன், எப்ப, எத்தனன்னு உன்னையே கேளு, தன்னால நெறையும்.

லோரிக்காரன்:

நான் எல்லாத்தையும் படிச்சேன். அந்த ஹார்ட்லி விஷயம் ஒத்துக்கறேன், அது அப்பாவோட மானம், அத மாத்தத்தான் வேணும். கும்மிருட்டும் புரிஞ்சிச்சு. ஆனா ஒண்ணு கேக்கறேன் சார், எல்லா வெரியும் எடுத்துட்டா கடிதம் காஞ்சு போயிடாதா? கல்லு மாதிரி. மனுஷனுக்கு உணர்ச்சி இருக்கு இல்ல.

ஈப்போ ஆபீஸ் அக்கா:

எல்லாத்தையும் எடுக்கச் சொல்லலண்ணே. அஞ்சு வெரி இருந்தா ஒண்ணும் கேக்காது, ஒண்ணே ஒண்ணு இருந்தா அது கேக்கும். எங்க நிஜமா வேணுமோ அங்க மட்டும் வைக்கட்டும்.

தங்கச்சி, மாத்தி எழுதினத இங்க போடுங்க, பாக்கறோம்.

பால்மரத்துமக:

எல்லாருக்கும் வணக்கம், ரெண்டு நாளா வரல, அம்மாவுக்கு காய்ச்சல். நேத்து ராத்திரி தம்பியும் நானும் திருப்பி எழுதினோம். எல்லா வரியையும் தமிழ்ல சொல்லி அப்பாவுக்கு படிச்சுக் காட்டினேன், ஏன்னா அவரப் பத்தித்தானே எழுதறோம், தப்பு இருக்கக்கூடாதுன்னு.

அப்பா கேட்டுக்கிட்டே இருந்தவரு 31 வருஷம்னு வந்தப்ப நிறுத்தினாரு. 31 இல்லம்மா, செக்ரோல்ல, தோட்டத்துச் சம்பளப் பதிவுல, பேரு ஏறினதுல இருந்துதான் 31, அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் எங்கம்மா கூட போய் ஒட்டுப்பால் பொறுக்கினேன், மங்கு தொடச்சேன், பதினஞ்சு வயசுல இருந்து, அதுக்கு எம் பேர்ல சம்பளம் இல்லன்னு சொன்னாரு. இத்தன வருஷத்துல இந்த ரெண்டு வருஷத்தப் பத்தி அவரு எங்ககிட்ட சொன்னதே இல்ல. நான் எவ்வளவு வெரி போட்டாலும் அது வெளிய வந்திருக்காது, நம்பரு சரியான்னு படிச்சுக் காட்டப் போயித்தான் வந்துச்சு.

இப்ப ரெண்டாவது பாரா இப்படி இருக்கு, அர்த்தத்த தமிழ்ல சொல்றேன்: என் தந்தை பதினஞ்சு வயசிலிருந்து இந்தத் தோட்டத்துல வேலை செய்கிறார். முதல் ரெண்டு வருஷம் அவர் பேரில் சம்பளம் கிடையாது. காலை நாலு மணிக்கு எழுந்து பால் வெட்டப் போவார். இப்போது வலது மணிக்கட்டு முழுசாக மடங்காது. அவ்வளவுதான், ஒரு வெரிகூட இல்ல. தம்பிக்கு டூ இன்ட்ரஸ்ட்டட எடுத்துட்டு, பழைய மோட்டார் பம்ப பிரிச்சு அவனே ஓட வச்சத எழுதிட்டோம். வெரி எக்சலன்ட் போயி எத்தன பாடத்துல "ஏ" கிரேடுன்னு எண்ணிக்கையப் போட்டாச்சு.

ஆனா அதே பாராவோட கடைசிக்கு எனக்கு ஒரு வரி தோணிச்சு, எழுதலாமா வேணாமான்னு தம்பிக்கும் எனக்கும் சண்டை. "ஹி இஸ் வெரி டயர்ட் நவ், பட் ஹி ஸ்டில் கோஸ் டு வொர்க்." அவன் இந்த வெரியும் வேணாங்கறான். லோரி அண்ணன் சொன்னத நெனச்சு நான் வச்சிருக்கேன். சார் சொல்லுங்க.

பழைய வாத்தியார்:

வச்சுக்குங்கம்மா. டயர்ட் படி உள்ள சொல், வெரி ஏறும், இலக்கணத்துல ஒரு குத்தமும் இல்ல. தம்பி எக்சாஸ்டட் போடலாம்னு சொல்லுவாரு, அதுவும் சரிதான், ஆனா உங்கப்பா வாயால சொன்னா வெரி டயர்ட்னுதான் சொல்லுவாரு. மத்த எடத்துல எல்லாம் எடுத்துட்டதால இது தனியா நிக்குது.

ஒரே திருத்தம், பதினஞ்சு வயசிலிருந்துன்னு வர்ற வாக்கியத்துல "ஹேஸ் வொர்க்ட் சின்ஸ் ஹி வாஸ் ஃபிஃப்டீன்"னு இருக்கான்னு பாருங்க, வொர்க்ஸ் சின்ஸ்னு போட்டுடாதீங்க.

லோரிக்காரன்:

தங்கச்சி அந்த வெரிய எடுக்காத.

பால்மரத்துமக:

பாத்துட்டேன் சார், வொர்க்ஸ்னுதான் இருந்துச்சு, மாத்திட்டேன். அண்ணே, வெரி இருக்கு. பக்கத்து லயத்து அக்காவும் படிச்சிட்டாங்க, இந்த தடவ பென்சில் எடுக்கல. நாளைக்கு காலைல அப்பா நிரைக்குப் போனதும் நானும் தம்பியும் அஞ்சடிக் கடைத்தெருவுக்குப் போய் போஸ் லாஜு கூரியர்ல போட்டுட்டு வந்துடறோம்.